லிப்பிட் பட்டியலா, கால்சியம் ஸ்கோரா, ஆஞ்சியோகிராமா: இதய அடைப்பின் தீவிரத்தை எது சொல்லும்?

"கெட்ட கொழுப்பு 160 என்று வந்திருக்கிறது; அப்படியானால் இதயத்தில் எத்தனை சதவீதம் அடைப்பு இருக்கும்?" சேலத்தின் ரத்தப் பரிசோதனை நிலையங்களிலும் மருத்துவர்களின் காத்திருப்பு அறைகளிலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. இதன் மறுபக்கமாக, "கொலஸ்ட்ரால் நார்மல், அதனால் அடைப்பு எதுவும் இருக்காது" என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. இரண்டில் அதுவே கூடுதல் ஆபத்தானது. ரத்தக் கொழுப்பின் அளவுக்கும் இதயத் தமனி நோய்க்கும் உள்ள உறவு ஐயத்துக்கு இடமில்லாதது. ஆனால் ஒருவரது லிப்பிட் பட்டியலில், அதாவது ரத்தக் கொழுப்புப் பரிசோதனை அறிக்கையில், உள்ள எண்ணைக் கொண்டு அவரது ரத்தக்குழாய் எந்த அளவுக்கு அடைபட்டிருக்கிறது என்று கணக்கிட முடியாது. நோய் வருமா என்பதும், வந்த நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதும் இரு வேறு கேள்விகள்; அவற்றுக்கு விடை தரும் பரிசோதனைகளும் வேறு வேறானவை. கையில் உள்ள பணத்தையும், ஏற்காட்டிலிருந்தோ வாழப்பாடியிலிருந்தோ ஒரு நாள் வேலையை விட்டுச் சேலம் வந்து போகும் அலைச்சலையும் எந்தப் பரிசோதனைக்குச் செலவிடுவது என்று தீர்மானிக்க வேண்டியவர்களுக்காகவே இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது.

இரண்டு மனிதர்களை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். இருவரும் கற்பனையானவர்களே. முதலாமவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்யும் 48 வயதுக்காரர், நீரிழிவு உண்டு, மாடிப்படி ஏறினால் நெஞ்சில் ஓர் இறுக்கம் வந்து, நின்றதும் விட்டுவிடுகிறது. அவருடைய மொத்தக் கொலஸ்ட்ரால் 182, ஹெச்டிஎல் (நல்ல கொழுப்பு) 32, ட்ரைகிளிசரைடு (மற்றொரு வகை ரத்தக் கொழுப்பு) 270, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 96. இரண்டாமவர் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் 38 வயதுக்காரர். தினமும் மேட்டுச் சரிவில் ஏறி இறங்கியும் எந்தத் தொல்லையும் இல்லாதவர். தந்தைக்கு 46 வயதில் மாரடைப்பு வந்திருக்கிறது. இவருடைய மொத்தக் கொலஸ்ட்ரால் 278, ஹெச்டிஎல் 52, ட்ரைகிளிசரைடு 110, எல்டிஎல் 204. எல்லா அளவுகளும் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் உள்ளவை. பட்டியலை மட்டும் பார்ப்பவர் இரண்டாமவருக்கே அடைப்பு அதிகம் என்று சொல்லிவிடுவார். இன்று, இந்த வாரம், ஆபத்தில் இருப்பவராகக் கருதப்பட வேண்டியவர் முதலாமவர்.

எண்ணும் அடைப்பும் ஏன் ஒத்துப்போவதில்லை

அடைப்பின் தீவிரத்தை அளக்க மருத்துவ ஆய்வாளர்கள் சில மதிப்பெண் முறைகளைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றுள் 1983-இல் வெளியான கென்சினி முறை இன்றும் ஆய்வுகளில் புழங்குகிறது. ரத்தக்குழாய்ப் படமான ஆஞ்சியோகிராமில் தெரியும் ஒவ்வொரு குறுகலுக்கும் 25 சதவீதம் என்றால் 1, 50 சதவீதம் என்றால் 2, 75 என்றால் 4, 90 என்றால் 8 என்று ஏறிக்கொண்டே போய், முழு அடைப்புக்கு 32 என்று அம்முறை மதிப்பிடுகிறது. பிறகு அந்தக் குறுகல் இருக்கும் இடத்தின் முக்கியத்துவத்தைப் பொறுத்து, இடது பிரதானத் தமனி என்றால் ஐந்தாலும், முன்பக்கம் இறங்கும் தமனியின் தொடக்கப் பகுதி என்றால் இரண்டரையாலும் பெருக்குகிறது. இந்த மதிப்பெண்ணையும் நோயாளிகளின் எல்டிஎல் அளவையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆய்வுகள் பல நாடுகளில் பல உண்டு. பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு தொடர்பு தெரிகிறது, ஆனால் அது வலுவானதாக இருப்பதில்லை. ஓர் ஆய்வில் எல்டிஎல் முன்னுக்கு வந்தால் மற்றொன்றில் ட்ரைகிளிசரைடும் ஹெச்டிஎல்லும் முன்னுக்கு வருகின்றன.

இந்தத் தடுமாற்றத்துக்கு முதல் காரணம் காலம். மேட்டூர் அணைக்கு இன்று நீர்வரத்து எத்தனை கனஅடி என்று தெரிவதால், 1934 முதல் அணையின் அடியில் எவ்வளவு வண்டல் படிந்திருக்கிறது என்று தெரிந்துவிடாது. ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படிவது பல பத்தாண்டுகளாக நடக்கும் வேலை. ஊசி குத்தி எடுத்த ரத்தம் காட்டுவது அந்த ஒரு நாளின் அளவை. பிறவியிலேயே எல்டிஎல் குறைவாக உள்ளவர்களைப் பற்றிய மரபணு ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. பிசிஎஸ்கே9 என்ற மரபணுவின் ஒரு மாற்றத்தால் வாழ்நாள் முழுவதும் எல்டிஎல் ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்திருந்த அமெரிக்கக் கறுப்பினத்தவர்களிடம் இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவாக இருந்ததை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. நடுவயதில் மாத்திரை மூலம் எல்டிஎல்லை 39 மில்லிகிராம் குறைத்தால் சில ஆண்டுகளில் கிடைக்கும் பயன், பெரிய மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிகழ்வுகளில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலான குறைவு. கொழுப்பின் அளவோடு அது எத்தனை ஆண்டுகள் அந்த அளவில் இருந்தது என்பதும் சேர்ந்தே நோயைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது காரணம், ஆஞ்சியோகிராம் மேசைக்கு வருபவர்களில் கணிசமானோர் ஏற்கெனவே கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்பது. நோய் முற்றியவருக்கே மாத்திரையின் அளவும் கூடுதலாக இருக்கும், ஆகவே அவருடைய எல்டிஎல் குறைவாக இருக்கும். இப்படி மூன்று குழாய்களிலும் அடைப்பு உள்ளவர் 70 என்ற அழகான எண்ணோடு வந்து நிற்பதுண்டு. மாரடைப்பு வந்து ஓரிரு நாள் கழித்து எடுக்கப்படும் ரத்தத்திலும் எல்டிஎல் தாழ்ந்தே இருக்கும், ஏனெனில் உடலின் அழற்சி அதைக் கீழே இறக்குகிறது. மாரடைப்போடு சேர்க்கப்பட்டவருக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் லிப்பிட் பரிசோதனை செய்ய வேண்டும், தவறினால் சில வாரங்கள் கழித்தே அந்த எண்ணை நம்ப வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மூன்றாவது காரணம், கொழுப்பு மட்டுமே குற்றவாளி அல்ல என்பது. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு புகை, நீரிழிவு, ரத்த அழுத்தம், வயிற்றுப் பருமன், மன அழுத்தம் உள்ளிட்ட ஒன்பது காரணிகளைச் சேர்த்தே மாரடைப்பு அபாயத்தின் பெரும்பகுதியை விளக்கியது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டு முன்னதாக வருகிறது என்பதும் அந்த ஆய்வின் தரவுகளிலிருந்தே தெரியவந்தது.

அமெரிக்காவில் இதயத் தமனி நோயோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 1,37,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவர்களில் பாதியை ஒட்டியோருக்குச் சேர்க்கையின்போது எல்டிஎல் 100-க்குக் கீழே இருந்தது. முன்பே கொழுப்பைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஐந்தில் ஒருவரே; எனவே அந்தத் தாழ்ந்த எண்ணை மருந்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. "நார்மல்" என்று அச்சிடப்பட்ட தாளை மடித்து வைத்துவிட்டு நெஞ்சு இறுக்கத்தை வாயுத் தொல்லை என்று ஒதுக்குகிறவர்கள் இந்த ஓர் உண்மையை மட்டுமாவது நினைவில் வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பட்டியலுக்குள்ளேயே எந்த எண்

இதனால் லிப்பிட் பட்டியல் வீண் என்று பொருளாகாது. சில நூறு ரூபாய்க்குள் முடியும் பரிசோதனைகளில் எதிர்கால அபாயத்தைப் பற்றி இவ்வளவு சொல்வது வேறொன்றில்லை. ஆனால் அதில் எந்த வரியைப் படிப்பது என்பதில் ஒரு தேர்வு இருக்கிறது.

நம் ஊர் ஆய்வக அறிக்கைகளில் உள்ள எல்டிஎல் பல நேரங்களில் நேரடியாக அளக்கப்பட்டது அன்று; 1972-இல் வெளியான ஃப்ரீட்வால்ட் சூத்திரத்தின்படி, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடின் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் பெறப்பட்டது. கொலுசுப் பட்டறைக்காரரின் 96 அப்படி வந்ததுதான்: 182-இலிருந்து 32-உம் 54-உம் போக மீதி. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அதற்குக் கீழேயும் ட்ரைகிளிசரைடு உயர உயர, எல்டிஎல்லை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும் போக்கு இதற்கு உண்டு. அரிசியும் மைதாவும் சர்க்கரையும் மிகுந்த உணவும், நீரிழிவும், மதுவும் ட்ரைகிளிசரைடை உயர்த்தி ஹெச்டிஎல்லைத் தாழ்த்துகின்றன. நம் மக்களிடம் பெரிதும் காணப்படும் அமைப்பும் இதுவே. இத்தகையவர்களிடம் எல்டிஎல் துகள்கள் சிறியனவாகவும் எண்ணிக்கையில் மிகுந்தும் இருக்கும். துகள்களுக்குள் உள்ள கொலஸ்ட்ராலை மட்டும் எடைபோடும் எல்டிஎல் எண் அந்தக் கூட்டத்தைக் கணக்கில் காட்டாமல் விட்டுவிடும்.

ஆகவே எல்டிஎல்லுக்கும் நான்-ஹெச்டிஎல்லுக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், நீரிழிவோ உயர் ட்ரைகிளிசரைடோ உள்ளவருக்கு நான்-ஹெச்டிஎல்லையே படிக்கச் சொல்வேன். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்டிஎல்லைக் கழித்தால் கிடைப்பது அது. காசு எதுவும் கூடுதலாகத் தர வேண்டியதில்லை, சாப்பிட்டு வந்தாரா வெறும் வயிற்றோடு வந்தாரா என்ற சிக்கலும் இல்லை. பட்டறைக்காரருக்கு அது 150. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறைந்த அபாயம் உள்ளவருக்கே இந்த எண் 130-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், நீரிழிவு போன்றவற்றால் அபாயம் மிகுந்தவருக்கு எல்டிஎல் 70-க்குக் கீழும் நான்-ஹெச்டிஎல் 100-க்குக் கீழும் இருக்க வேண்டும் என்றும் வரையறுக்கிறது. 96 என்ற ஆறுதலான எண்ணுக்குப் பின்னால் 150 ஒளிந்திருந்தது.

அப்போ-பி என்ற புரதத்தை அளப்பது இன்னும் நுட்பமானது. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழையக்கூடிய ஒவ்வொரு கொழுப்புத் துகளிலும் அப்போ-பி மூலக்கூறு ஒன்றே ஒன்று இருப்பதால், அதை அளப்பது துகள்களையே எண்ணுவதற்கு ஒப்பாகும். செலவு கூடுதல் என்பதால் எல்லாருக்கும் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். எல்டிஎல்லும் நான்-ஹெச்டிஎல்லும் வெவ்வேறு கதை சொல்லும்போதும், மருந்து எடுத்தும் ட்ரைகிளிசரைடு அடங்காதபோதும் அதற்குச் செலவிடுவது தகும்.

லிப்போபுரோட்டீன்-ஏ வேறு வகையைச் சேர்ந்தது. 1963-இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டறிந்த இந்தத் துகளின் அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது. பத்தியத்தாலும் நடைப்பயிற்சியாலும் அது இறங்குவதில்லை, ஸ்டாட்டின் மாத்திரைக்கும் அசைவதில்லை. உலக அளவில் ஐந்தில் ஒருவருக்கு அது 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும் என்பதால், குடும்பத்தில் இளம் வயது மாரடைப்பு உள்ள ஒவ்வொருவரும் அந்த ஒரு முறையைச் செய்துவிட வேண்டும். மாஸ்டர் செக்கப் என்ற பெயரில் ஆண்டுதோறும் அதே பழைய பட்டியலுக்குச் செலவிடும் தொகையில் ஓராண்டுக்குரியதை இதற்குத் திருப்பினால் கிடைக்கும் செய்தி மிகவும் மதிப்புள்ளது.

ஹெச்டிஎல்லைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அது குறைவாக இருப்பது அபாயத்தின் அறிகுறி. ஆனால் அதை மருந்தால் உயர்த்திய பெரிய சோதனைகள், 2006-இல் நிறுத்தப்பட்ட டார்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனை உட்பட, நோயாளியைக் காப்பாற்றவில்லை.

மலையிலிருந்து வருபவர்களுக்கு இடையில் ஒரு குறிப்பு. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு முதல் பேருந்தைப் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பசியோடு இறங்கி வந்து ரத்தம் கொடுக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலோருக்கு இல்லை. ஐரோப்பிய நிபுணர் குழு 2016-லேயே இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. 2024-இன் இந்திய வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. ட்ரைகிளிசரைடு மிக உயர்ந்து வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி பார்க்க வேண்டும். நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பட்டினியோடு பயணம் செய்து தலைசுற்றி விழுவதைவிட இது எவ்வளவோ மேல்.

குழாயை நேராகப் பார்க்கும் வழிகள்

அடைப்பின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஒன்று இதயத்தை உழைக்க வைத்துப் பார்க்க வேண்டும், இல்லையேல் குழாயைப் படம் எடுக்க வேண்டும்.

உழைக்க வைத்துப் பார்ப்பதில் பழையது டிஎம்டி எனப்படும் டிரெட்மில் பரிசோதனை. ராபர்ட் புரூஸ் வகுத்த முறையில், 10 சதவீதச் சரிவில் மணிக்கு ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை சரிவையும் வேகத்தையும் கூட்டிக்கொண்டே போவார்கள். செலவு குறைவு, கதிர்வீச்சு இல்லை, ஒருவரின் உடல் தாங்கும் திறன் நேரடியாகத் தெரிகிறது. குறை என்னவென்றால், குழாய் பாதிக்கு மேல் குறுகிய பிறகே இதில் மாற்றம் தெரியும். அப்போதும் நோயுள்ள நூறு பேரில் 70-க்குச் சற்றுக் குறைவானவர்களையே இது பிடிக்கிறது, பெண்களிடம் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டுவதும் உண்டு. முழங்கால் வலியுள்ளவர் போதிய வேகம் வரை போகவே முடியாது. டிஎம்டி நார்மல் என்ற தாளோடு திரும்புகிறவர், ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

ஏற்காட்டிலும் நாகலூரிலும் வாழ்பவர்களுக்கு அவர்களின் ஊரே தினமும் ஒரு பரிசோதனையை நடத்திக்கொண்டிருக்கிறது. கனடா இதயவியல் சங்கம் நெஞ்சுவலியை நான்கு படிகளாகப் பிரித்தபோது, வேகமாக நடக்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ வரும் வலியை இரண்டாம் படியிலும், சமதளத்தில் சற்றே நடந்தாலும் ஒரு மாடி ஏறினாலும் வரும் வலியை மூன்றாம் படியிலும், ஓய்வில் வரும் வலியை நான்காம் படியிலும் வைத்தது. சென்ற ஆண்டு நிற்காமல் ஏறிய மேட்டில் இந்த ஆண்டு நடுவே நின்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால், நோயின் தீவிரத்தைப் பற்றி அந்தச் செய்தி எந்த லிப்பிட் எண்ணையும்விடக் கூடுதலாகச் சொல்கிறது. மூச்சு வாங்குவதும், தாடையிலோ இடது தோளிலோ வலி பரவுவதும், நீரிழிவுக்காரருக்கு வலியே இல்லாமல் திடீர்ச் சோர்வும் வியர்வையும் வருவதும் இதே கணக்கில் சேரும்.

கால்சியம் ஸ்கோர், ஆர்தர் அகட்ஸ்டன் 1990-இல் முன்வைத்த சிடி ஸ்கேன் முறை. குழாயைத் துலக்கிக் காட்டும் சாய மருந்து செலுத்தாமல், சில நிமிடங்களில், குறைந்த கதிர்வீச்சில், இதயக் குழாய்ச் சுவரில் படிந்துள்ள சுண்ணாம்பை அளந்து ஒரே எண்ணாகத் தருகிறது. பல ஆண்டுகளாகப் படிந்ததை இது காட்டுவதால், லிப்பிட் பட்டியலால் சொல்ல முடியாத கடந்த காலத்தை இது ஓரளவு சொல்கிறது. எண் பூஜ்யம் என்றால் அடுத்த சில ஆண்டுகளுக்கு அபாயம் மிகக் குறைவு; 100-ஐத் தாண்டினால் ஸ்டாட்டின் தொடங்குவதில் தயக்கத்துக்கு இடமில்லை; 400-ஐத் தாண்டினால் படிவு மிகுதி. இதற்கும் எல்லைகள் உண்டு. இளையவர்களிடம் படிவு இன்னும் சுண்ணாம்பாகாமல் மென்மையாக இருக்கும். நாற்பது வயதுக்குள் மாரடைப்பு காணும் நம் நாட்டில் பூஜ்யத்தை நற்சான்றாக எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. நெஞ்சில் இறுக்கம் உள்ளவர் கால்சியம் ஸ்கோரோடு நின்றுவிடவும் கூடாது. ஸ்டாட்டின் மாத்திரை மென்மையான படிவைக் கெட்டியாக்கிப் பாதுகாப்பாக மாற்றும்போது இந்த எண் உயரக்கூடும் என்பதால், மருந்தின் பயனை அளக்க இதை ஆண்டுதோறும் எடுப்பதிலும் பொருளில்லை.

சிடி ஆஞ்சியோகிராம், அந்தச் சாய மருந்தைச் செலுத்தி எடுக்கப்படும் படம். சுண்ணாம்பையும் மென்மையான படிவையும் சேர்த்துக் காட்டும். குழாயின் உட்பகுதி எத்தனை சதவீதம் குறுகியிருக்கிறது என்றும் சொல்லும். அடைப்பு இல்லை என்று இது சொன்னால் அநேகமாக நம்பிவிடலாம். ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் நடந்த ஸ்காட்-ஹார்ட் சோதனையில், வழக்கமான சிகிச்சையோடு இந்தப் பரிசோதனையும் செய்யப்பட்டவர்களிடம் ஐந்தாண்டில் இதயநோய் மரணமும் மாரடைப்பும் 2.3 சதவீதம், செய்யப்படாதவர்களிடம் 3.9 சதவீதம். படம் எடுத்ததால் மட்டும் உயிர் பிழைக்கவில்லை. படிவைக் கண்ணால் கண்ட பிறகு சரியான மருந்து சரியான நபருக்குத் தொடங்கப்பட்டதே பெருமளவு காரணம். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குச் செலுத்தும் மருந்து ஆகாது, ஆகவே முன்பே கிரியாட்டினின் பார்க்க வேண்டும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 65-க்குள் இருந்தால்தான் படம் தெளிவாக வரும், அதற்காக மாத்திரை தருவார்கள். சுண்ணாம்பு மிகுந்த குழாயில் அடைப்பை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும் குறையும் இதற்கு உண்டு.

மணிக்கட்டு வழியே குழாய் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம்தான் இறுதித் தீர்ப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். மேசன் சோன்ஸ் 1958-இல் தொடங்கிவைத்த இதயத் தமனி ஆஞ்சியோகிராம் முறைக்குத் தன் இடம் உண்டு. படம் எடுத்த கையோடு சிகிச்சையும் செய்ய முடிவதும், குறுகலுக்கு அப்பால் ரத்த அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று கம்பி மூலம் அளந்து, அந்த விகிதம் 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் அந்தக் குறுகல் இதயத்தை வருத்துகிறது என்று முடிவுசெய்ய முடிவதும் இதன் பலம். ஆனால் இது காட்டுவது குழாயின் உள்வெளியை மட்டுமே. படிவு வளரும்போது குழாய் வெளிப்புறமாக விரிந்து இடம் கொடுக்கிறது என்பதையும், படிவு குறுக்குப் பரப்பில் ஏறத்தாழ 40 சதவீதத்தை எட்டும் வரை உள்வெளி குறுகாமலே இருக்கக்கூடும் என்பதையும் சீமோர் கிளாகோவ் 1987-இல் காட்டினார். மாரடைப்புகளில் பல, அதற்கு முன் பெரிய அடைப்பாகத் தெரியாத படிவு வெடித்து உறைகட்டி ஏற்படுவதால் வருபவை. ஆஞ்சியோகிராமில் சிறிய அடைப்புதான் என்று கேட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களை நினைத்து நான் கவலைப்படுவது இதனால்தான்.

ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு வேறொன்று

கொலுசுப் பட்டறைக்காரருக்கு உழைப்பில் வந்து ஓய்வில் போகும் நெஞ்சு இறுக்கம் இருக்கிறது, நீரிழிவும் இருக்கிறது. அவருடைய கேள்வி அடைப்பின் அளவைப் பற்றியது. லிப்பிட் பட்டியலை இன்னொரு ஆய்வகத்தில் மறுபடி எடுப்பதால் அதற்கு விடை கிடைக்காது. முதலில் ஈசிஜி, எக்கோ; அவை வழிவிட்டால், என் தெரிவு டிஎம்டியைவிடச் சிடி ஆஞ்சியோகிராம். நீரிழிவுக்காரரிடம் பரவலான மென்மையான படிவு இருக்க வாய்ப்பு அதிகம், டிஎம்டி அதைத் தவறவிடும். பணம் தடையாக இருந்தால் டிஎம்டியோடு தொடங்குவதில் தவறில்லை, ஆனால் அது நார்மல் என்று வந்தும் இறுக்கம் தொடர்ந்தால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. வலி கூடிக்கொண்டே வந்தாலோ, குறைந்த உழைப்பிலேயே வந்தாலோ, இடையில் உள்ள படிகளை எல்லாம் விட்டுவிட்டு நேராக ஆஞ்சியோகிராமுக்குப் போக வேண்டியவர் அவர். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கான வசதி உள்ளது. ஸ்டென்ட் அல்லது பைபாஸ் தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும், ஆகவே காப்பீட்டு அட்டையை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

படத்தில் அடைப்பு தெரிந்ததும் ஸ்டென்ட்தான் என்ற அவசரமும் வேண்டாம். நிலையான இதயத் தமனி நோய் உள்ள 5,179 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான இஸ்கீமியா சோதனையில், தொடக்கத்திலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்த குழுவுக்கும் முதலில் மருந்தை நம்பிய குழுவுக்கும் மரணத்திலோ மாரடைப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வலி குறைவதில் மட்டும் முதல் குழுவுக்குப் பயன் இருந்தது. இடது பிரதானத் தமனியில் அடைப்பு உள்ளவர்கள் அந்தச் சோதனையில் சேர்க்கப்படவில்லை, அவர்களுக்கான தீர்மானம் வேறு.

ஏற்காட்டுக் கணக்கருக்குக் கேள்வியே வேறு. எல்டிஎல் 190-ஐத் தாண்டியவருக்குச் சிகிச்சை தொடங்க எந்தப் படமும் தேவையில்லை. கால்சியம் ஸ்கோர் எடுத்து, 38 வயதில் பூஜ்யம் வந்து, அதைக் காட்டி மாத்திரையைத் தள்ளிப்போடுவதே அவருக்கு நேரக்கூடிய பெரிய கெடுதல். அவர் முதலில் செய்துகொள்ள வேண்டியவை மலிவான பரிசோதனைகள்: தைராய்டு குறைவு எல்டிஎல்லை உயர்த்தும் என்பதால் டிஎஸ்ஹெச், சிறுநீரில் புரதம், கூடவே ஒரு முறை லிப்போபுரோட்டீன்-ஏ. அவற்றில் காரணம் தெரியவில்லை என்றால், தந்தையின் மாரடைப்பையும் சேர்த்துப் பார்க்கையில், பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ரால் நோய் என்ற ஐயம் வலுக்கிறது. உலகில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் உள்ள பழுதே பெரும்பாலும் இதற்குக் காரணம். அந்த ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசஃப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. குதிகால் தசைநாண் தடித்திருப்பதும், 45 வயதுக்குள் கருவிழியைச் சுற்றி வெண்வளையம் தோன்றுவதும் இந்நோயின் அடையாளங்கள். மருத்துவர் அவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும்.

இருவருக்கும் நடுவே, எல்டிஎல் 130 முதல் 160 வரை, தொந்தரவு இல்லை, நீரிழிவு இல்லை, மாத்திரை எடுப்பதா வேண்டாமா என்று தயங்குகிறவர்கள் ஏராளம். கால்சியம் ஸ்கோருக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவிடத் தகுந்தவர்கள் இவர்களே. நாற்பதைக் கடந்த ஒருவருக்கு அந்த எண் தயக்கத்தை இரு திசையில் ஏதேனும் ஒன்றுக்குத் தீர்த்து வைக்கும்.

ஸ்டென்ட் வைத்துக்கொண்டவருக்கோ மாரடைப்பு கண்டவருக்கோ லிப்பிட் பட்டியல் அடைப்பின் அளவைச் சொல்லும் கருவியாக இருப்பதில்லை, மருந்து வேலை செய்கிறதா என்று காட்டும் கருவியாக இருக்கிறது. அவர்களுக்கு எல்டிஎல் 55-க்குக் கீழே வர வேண்டும். ஸ்டாட்டின் தொடங்கி நான்கு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு முறை பார்த்து, இலக்கை எட்டாவிட்டால் எஸெட்டிமைப் போன்ற இரண்டாவது மருந்தைச் சேர்ப்பது வழக்கம்.

இத்தனை தெரிவுகளும் நிலையாக இருப்பவர்களுக்கே. ஓய்வில் வந்து பத்து நிமிடத்துக்கு மேல் விடாத நெஞ்சுவலிக்கு எந்தப் பரிசோதனை நல்லது என்ற கேள்விக்கே இடமில்லை. மலையில் இருப்பவர் சேலத்துக்கு வண்டி தேடும் அதே நேரத்தில் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஏற்காடு அரசு மருத்துவமனைக்கோ போய், ஈசிஜி எடுத்து, முதல் மருந்தைப் பெற்று, 108 வண்டியில் கீழே இறங்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவை அடங்கிய முதல் தவணை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் வைக்கப்பட்டுள்ளன.

கணக்கருக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், அவருக்கு அந்தப் பரம்பரை உயர் கொலஸ்ட்ரால் நோய் உறுதியானால் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு. பத்து வயதைத் தொடும்போது அவர்களுக்கும், உடன்பிறந்தவர்களுக்கு இப்போதேயும் ஒரு லிப்பிட் பட்டியல் எடுக்க வேண்டும். அந்த வீட்டில் யாருக்குப் பரிசோதனை, எதற்காக என்பதை அவருடைய மருத்துவரே எழுதிக் கொடுக்குமாறு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.